ஒரே இடத்துல மட்டும் எகிறுல ரத்தம்: தண்ணியா, சாப்பாடா, அடைச்ச பல்லா?

கல்குளத்துக்காரி
ஞாயிறு, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா மனசுல கிடக்குற கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

எனக்கு வயசு 43. வலது பக்கம் கீழ, கடைசிக்கு முந்தின கடவாய்ப் பல்லுக்கும் அதுக்கு முன்னால உள்ள பல்லுக்கும் நடுவுல எப்பவும் ஏதாவது போய் இருந்துக்கிடும். சிறுபயறுத் தோலு, சாளை மீன் சதை, மாம்பழ நாரு. துழாவித் துழாவி நாக்கு நுனி புண்ணாயிரும். கடைசில வாரியல்ல இருந்து ஒரு ஈர்க்கில ஒடிச்சு, கழுவி, குத்தி எடுத்தாத்தான் நிம்மதி. எடுத்ததும் எகிறுல, அதான் ஈறுல, ரத்தம் வரும், கூடவே ஒரு கெட்ட வாடை. வேற எந்தப் பல்லுலயும் ரத்தம் இல்ல. அந்த ஒரு இடம் மட்டும்.

மூணு தடவ கிளீனிங் செய்தாச்சு. செய்த ஒரு மாசம் நல்லா இருக்கும், பிறகு அதே இடத்துல அதே கதை. மூணாவது தடவ, "நீங்க சரியா பல்லு தேய்க்கல்ல"ன்னு சொல்லிட்டாவ. காலைலயும் ராத்திரியும் தவறாம தேய்க்கறவ நான். அந்தச் சொல்லு ரொம்ப சங்கடமாப் போச்சு. சரியா தேய்க்கலன்னா வாய் முழுக்கல்லா வரணும்? ஒரு இடத்துல மட்டும் ஏன் வரணும்?

வீட்டுல ஆளுக்கொரு காரணம் சொல்லுதாவ. எனக்க வீட்டுக்காரரு போர் தண்ணிதான் காரணம்ங்காவ. அம்மை, மயக்கின மரச்சீனி பல்லுல ஒட்டும், அதுதான்னு சொல்லுதா. மயினிக்கு எல்லாமே சூடு. போன்ல தேடிப் பாத்தப்ப "லோக்கல் ஃபேக்டர்ஸ்"னு ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருது. லோக்கல்னா நம்ம ஊரு தண்ணி, நம்ம ஊரு சாப்பாடா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கோட்டாறு_அண்ணாச்சி
ஞாயிறு, இரவு 9:42

தண்ணிதான் தங்கச்சி, சந்தேகமே வேண்டாம். எங்க வீட்டுல போர் தண்ணி கொதிக்க வைக்குற பாத்திரத்த வந்து பாருங்க. உள்ள வெள்ளையா ஓடு மாதிரி படிஞ்சு போய்க் கிடக்கும், கரண்டிய வச்சுச் சுரண்டினாலும் வராது. அதேதான் பல்லுலயும் படியுது. பல்லு டாக்டரே அதக் காரைன்னுதானே சொல்லுதாரு. எனக்கும் கீழ் முன்பல்லுக்கு உள்பக்கம் கல்லு மாதிரி இருக்கு. நல்ல தண்ணிக்கு மாறுங்க, சரியாயிரும்.


ரப்பர்_வெட்டு
ஞாயிறு, இரவு 10:15

அக்கா, நாலாவது தடவ கிளீனிங்குக்குப் போயிராதீங்க. நான் அருமனைப் பக்கம். எனக்க அப்பா 61 வயசு வரைக்கும் ஒரு பல்லு வலின்னு சொன்னதில்ல. ஊருல முகாம் வந்தப்ப பல்லு கிளீன் செய்தாரு. மறுநாளே பல்லு எல்லாம் கூசுதுன்னாரு. முன்னால நாலு பல்லுக்கும் நடுவுல இடைவெளி விழுந்து போச்சு. ஒரு வருஷத்துல ரெண்டு பல்லு ஆடி விழுந்தது. மிஷின வச்சுச் சுரண்டினா பல்லு மேல உள்ள பாலிஷ் போயிரும், வேரு இளகிரும். இது எங்க வீட்டுல நடந்தது.


தென்கரை_பல்மருத்துவர்
திங்கள், காலை 6:50

நான் இந்த மாவட்டத்தில்தான் பல் வைத்தியம் பார்க்கிறேன். வாயைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கல்குளத்து அக்கா கேட்ட ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது: "சரியா தேய்க்கலன்னா வாய் முழுக்கல்லா வரணும்?" ஆமாம் அக்கா, அதுதான் சரியான கேள்வி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எகிறு கெட்டால், அதற்குக் காரணம் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அந்தக் காரணத்தை எடுக்காமல் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் ஒரு மாதம்தான்.

முதலில் அந்த வார்த்தை. லோக்கல் என்று எங்கள் பாடத்தில் சொல்வது ஊரை இல்லை, வாய்க்குள் அந்தந்த இடத்தை. உடம்பு முழுவதையும் சேர்ந்த காரணங்கள் வேறு: சர்க்கரை, கர்ப்பகாலம், சில மாத்திரைகள். அந்த இடத்திலேயே ஊத்தை தேங்க வழி செய்து கொடுப்பதுதான் லோக்கல் காரணம். காரை, பிதுங்கி நிற்கும் அடைப்பு, பல்லின் மேல் மாட்டிய பொருந்தாத கேப், பல்லுக்கு நடுவில் இடைவெளி, கோணலான பல், கம்பி, கட்டுப்பல், புகையிலை எல்லாம் இதில் வரும்.

ஊத்தைதான் ஆதி காரணம். பல் தேய்த்து முடித்த சில நிமிடத்திலேயே எச்சிலில் உள்ள புரதம் பல்லின் மேல் மெல்லிய சவ்வாகப் படியும். அதன் மேல் கிருமிகள் வந்து ஒட்டும், பெருகும், தங்களைச் சுற்றிப் பசை மாதிரி ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். காலையில் எழுந்ததும் நகத்தால் பல்லின் அடிப்பகுதியைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாக மெழுகு மாதிரி வரும். அதுதான். 1965-ல் ஹரால்ட் லோ என்பவரும் கூட்டாளிகளும் டென்மார்க்கில் 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் எகிறு வீங்கியது. திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆயிற்று, சரியாகிவிட்டது. ஊத்தை இருந்தால் நோய், எடுத்தால் நோய் போகும் என்பது அன்றைக்கு ஐயமில்லாமல் தெரிந்தது.

அண்ணாச்சி, பாத்திரத்தில் படிவது தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து, அது உண்மை. பல்லில் படிவது அது இல்லை. எகிறுக்கு மேலே தெரியும் காரைக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பேட்டும் உங்கள் சொந்த எச்சிலில் இருந்தே வருகின்றன. தேய்க்காமல் விட்ட ஊத்தைதான் அந்த உப்பைக் குடித்துக் கல்லாகிறது. சில மணி நேரத்திலேயே கெட்டியாக ஆரம்பித்துவிடும், ஓரிரண்டு வாரத்தில் பிரஷ்ஷுக்கு அசையாத கல். நீங்களே ஒரு சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்: கீழ் முன்பல்லுக்கு உள்பக்கம். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் குழாய் திறக்கிற வாசல் அங்கேதான் இருக்கிறது. இன்னொரு வாசல் கன்னத்தின் உள்பக்கம், மேல் கடவாய்ப் பல்லுக்கு எதிரே. அந்த இரண்டு இடத்திலும்தான் காரை முதலில் பிடிக்கும். குடிக்கிற தண்ணீர் காரணமாக இருந்தால் எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி அல்லவா படிந்திருக்க வேண்டும்? கீழ் உதட்டுப் பக்கம் ஏன் சுத்தமாக இருக்கிறது?

அக்கா, உங்களிடம் இரண்டு கேள்வி. அந்த இரண்டு பல்லில் ஏதாவது ஒன்றை எப்போதாவது அடைத்திருக்கிறீர்களா? மருந்துக்கடையில் ஃபிளாஸ் நூல் வாங்கி அந்த இடுக்கில் விட்டுப் பாருங்கள். இறங்கும்போது டப்பென்று ஒரு தடை இருக்கிறதா, தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறதா, மேலே இழுக்கும்போது நூல் எங்காவது மாட்டிப் பிய்கிறதா? மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். ஈர்க்கிலை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். இடுக்கில் இருக்கும் முக்கோணச் சதையை அது குத்திக் குத்திக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் இன்னும் அதிகமாகத் தேங்கும்.


ரப்பர்_வெட்டு
திங்கள், காலை 11:30

டாக்டரம்மா, தண்ணி விஷயம் விளங்கிச்சு. எனக்க அப்பா விஷயத்துக்கு நீங்க பதில் சொல்லல்லயே.


தென்கரை_பல்மருத்துவர்
திங்கள், இரவு 10:05

வேண்டுமென்று விடவில்லை தம்பி, தனியாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். அப்பாவுக்கு நடந்ததை நான் மறுக்கவில்லை. நடந்த வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பல்லை எலும்புதான் தாங்கி நிற்கிறது. எகிறுக்கு அடியில் வருடக்கணக்கில் காரையும் அதன் மேல் ஊத்தையும் இருந்தால் அந்த எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். வலி இருக்காது. அதனால்தான் 61 வயது வரைக்கும் அவர் வலி என்று சொல்லவில்லை. எலும்பு போன இடத்தைக் காரை நிரப்பிக்கொண்டு, நாலு பல்லையும் சேர்த்துச் சாந்து பூசின மாதிரி பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் மூன்று விஷயம் ஒரே நாளில் தெரியும். இடைவெளி தெரியும், ஏனென்றால் அங்கே இருந்தது கல், சதை இல்லை. கூச்சம் தெரியும், ஏனென்றால் மூடிக்கிடந்த வேர் வெளியே வந்திருக்கிறது. ஆட்டம் தெரியும். கிளீனிங் அதை உண்டாக்கவில்லை, வெளியே காட்டியது. இருபது வருடம் முன்னால் செய்திருந்தால் அந்த இரண்டு பல்லும் நின்றிருக்கலாம். முகாமில் இதை அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் செய்தது தவறு, அந்த வருத்தம் நியாயம்.

இன்னொன்று. இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை, முன்னால் சொன்ன அதே லோவின் குழு 1970-லிருந்து 15 வருடம் தொடர்ந்து பார்த்தது. பிரஷ்ஷோ பல் வைத்தியமோ எட்டாத மனிதர்கள். எல்லார் வாயிலும் ஊத்தை, எல்லார் வாயிலும் காரை. அப்படியிருந்தும் 11 சதவீதம் பேருக்கு நோய் எகிறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 81 சதவீதம் பேருக்கு எலும்பு மெதுவாக இறங்கியது. 8 சதவீதம் பேருக்கு வெகு வேகம், அவர்கள் 45 வயதில் எல்லாப் பல்லையும் இழந்தார்கள். "எங்க தாத்தா பல்லே தேய்க்கல்ல, 80 வயசுல கரும்பு கடிச்சாரு" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அந்தத் தாத்தா 11 சதவீதத்தில் பிறந்தவர். நாம் எதில் பிறந்தோம் என்று யாருக்கும் முன்னால் தெரியாது. அந்த 480 பேரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும். அவர்களைப் பார்த்துத்தான் உலகம் இந்த நோயின் போக்கைக் கற்றுக்கொண்டது.


தூத்தூர்_வலை
செவ்வாய், மதியம் 2:20

டாக்டர், எனக்க வீட்டுக்காரரு தங்கலுக்கு, அதான் கடல்லயே தங்கி மீன் பிடிக்கப் போறவரு. ஒரு தடவ போனா மாசம் ஒண்ணு, சில சமயம் ஒண்ணரை. போட்டுல நல்ல தண்ணி அளந்துதான், கஞ்சி வைக்கவும் குடிக்கவும் மட்டும். பல்லு தேய்க்குறதுன்னா கடல் தண்ணியில வாய் கொப்பளிக்குறதுதான். ராத்திரி முழிச்சு வலை இழுக்கணும், அதுக்குத் தூக்கம் வரக்கூடாதுன்னு வெத்திலயும் பொயிலயும், இல்லன்னா பீடி.

நான் கேக்க வந்தது என்னன்னா, அவருக்கு எகிறுல ரத்தமே வந்ததில்ல. எனக்குத்தான் தேய்ச்சா ரத்தம் வருது. ஆனா அவருக்குக் கீழ ரெண்டு பல்லு ஆடுது, எனக்கு ஒண்ணும் ஆடல்ல. ரத்தம் வந்தாத்தானே நோய்? இது எப்படி?


தென்கரை_பல்மருத்துவர்
செவ்வாய், இரவு 9:30

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. கடற்கரையிலிருந்து வருகிற ஆண்கள் பெரும்பாலும் பல் ஆடின பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள், அதற்கு நீங்கள் சொன்னதுதான் காரணம்.

ரத்தம் வருவது எகிறு கொடுக்கிற எச்சரிக்கை. புகையிலை எந்த வடிவில் போனாலும் நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும். அதனால் நோய் உள்ளே நடக்கும், எச்சரிக்கை வெளியே வராது. பீடி குடிக்கிறவரின் எகிறு வெளிறி, தடித்து, பார்க்க நன்றாகவே இருக்கும். அடியில் எலும்பு போய்க்கொண்டிருக்கும். உங்களுக்கு ரத்தம் வருவதும் நோய்தான், ஆனால் ஆரம்பத்தில் நிற்கிற நோய், திருப்பிவிடலாம்.

வெற்றிலையும் அப்படித்தான். சுண்ணாம்பும் பாக்குத் துணுக்கும் பல்லுக்கு நடுவில் போய்த் தங்கும், செங்கறை ஏறிய காரை சொரசொரவென்று இருக்கும், அந்தச் சொரசொரப்பில் ஊத்தை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். புகையிலையை அடக்கி வைக்கிற பக்கத்தில் எகிறு கீழே இறங்கி வேர் தெரியும். அவர் கரைக்கு வந்ததும் டார்ச் அடித்து அந்தப் பக்கத்துக் கன்னத்தைப் பாருங்கள். வெள்ளைப் படலமோ, ஆறாத புண்ணோ, மூன்று விரலைச் செங்குத்தாக வைக்கிற அளவு வாய் திறக்க முடியாமலோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அது எகிறு விஷயம் இல்லை, அதை விடப் பெரியது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

போட்டில் தேய்ப்பதற்கு ஒரு வழி. ஊத்தையை எடுப்பது பிரஷ்ஷின் நாருதான், தண்ணீர் இல்லை. உலர்ந்த பிரஷ்ஷில் பயறு அளவு பேஸ்டு வைத்து இரண்டு நிமிடம் தேய்த்துத் துப்பிவிட்டால் போதும், கொப்பளிக்க வேண்டியதே இல்லை. கொப்பளிக்காமல் விட்டால் பேஸ்டில் உள்ள ஃபுளோரைடு பல்லில் தங்கும், அதுவும் நல்லதுதான். ஒரு சொட்டு நல்ல தண்ணீர் செலவில்லை. வலைக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்யலாம்.


தூத்தூர்_வலை
செவ்வாய், இரவு 9:48

கொப்பளிக்காம விடலாம்னு இதுவரை யாரும் சொன்னதில்ல. அடுத்த தடவ போகும்போது சாமான் பையில பிரஷ்ஷ நானே வச்சு விடுதேன்.


ஓய்வுபெற்ற_வாத்தியார்
புதன், காலை 7:15

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எங்கள் வீட்டில் உமிக்கரியும் உப்பும் சேர்த்துப் பொடித்து, ஒரு சிரட்டையில் போட்டு அடுக்களை வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள். மாவிலையின் நடு நரம்பைக் கிழித்து நாக்கு வழிப்போம். அப்போது இத்தனை பல் ஆஸ்பத்திரி கிடையாது. இன்றும் நான் உமிக்கரிதான். எனக்கு 74 வயது, 26 பல் இருக்கிறது. ஆனால் கடந்த சில வருடமாக இடது மேல் பக்கம் பல்லின் கழுத்தில் கோடரியால் வெட்டிய மாதிரி ஒரு பள்ளம். குளிர்ந்த அக்கானி குடித்தால் உச்சந்தலை வரைக்கும் கூசுகிறது. இதற்கும் உமிக்கரிக்கும் தொடர்பு உண்டா?


தென்கரை_பல்மருத்துவர்
புதன், மதியம் 1:40

சார், 26 பல்லைக் காப்பாற்றியது உங்கள் ஒழுங்கு. அந்தப் பள்ளத்தைத் தோண்டியது பெரும்பாலும் உமிக்கரியாக இருக்கும். உமியில் மணல் சத்து அதிகம், எரித்தாலும் அது போகாது. விரலால் அழுத்திக் குறுக்காகத் தேய்க்கும்போது பல்லின் உடம்பு தாங்கும், கழுத்து தாங்காது. அங்கே மேல் ஓடு மெல்லியது. வலது கைக்காரர் என்றால் இடது பக்கத்தில்தான் அழுத்தம் கூடும், பள்ளமும் அந்தப் பக்கம் கூடுதலாக இருக்கும். எகிறு மேலேறி வேர் வெளியே வந்த பிறகு அந்த வேரின் முகம் ஊத்தைக்குச் சௌகரியமான இடமாகிவிடும். செங்கல் பொடியும் அடுப்புச் சாம்பலும் இதே ரகம்.

வேப்பங்குச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். மென்று தும்பாக்கி மெதுவாகத் தேய்த்தால் பல்லின் வெளிப்பக்கம் நன்றாகவே சுத்தமாகும். உள்பக்கமும் இடுக்கும் அதற்கு எட்டாது. எகிறு நோய் பெரும்பாலும் இடுக்கில்தான் தொடங்குகிறது. மென்மையான பிரஷ்ஷை எகிறு ஓரத்தில் சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். அந்தப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளலாம் சார், ஒரு முறை போனால் முடிந்துவிடும்.


நெய்யூர்_அம்மா
புதன், இரவு 8:55

எங்க மகளுக்கு 14 வயசு. எட்டு மாசமா பல்லுக்குக் கம்பி. மேல் முன்பல்லு எகிறு மட்டும் சிவந்து, பளபளன்னு பல்லு மேல ஏறி வந்துருக்கு. கம்பி போட்ட இடத்துல, ஒழுங்கா தேய்க்கச் சொல்லிப் பிள்ளையத் திட்டுறாங்க. கண்ணாடி முன்ன நின்னு அழுதுகிட்டே தேய்க்குறா. ஆனா கீழ்ப் பல்லுலயும் கம்பி இருக்கே, அங்க இந்த அளவுக்கு இல்ல. இந்த இழையப் படிச்ச பிறகுதான் "ஒரே இடம் ஏன்"ன்னு எனக்கும் தோணுச்சு. அவ வாயத் திறந்து வச்சுத்தான் தூங்குவா, சின்ன வயசுல இருந்தே.


தென்கரை_பல்மருத்துவர்
புதன், இரவு 10:20

அம்மா, பாதிப் பதிலை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கம்பியும் அதைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கிற பொட்டும் ஊத்தை தேங்குகிற இடம்தான், அதற்குத் தனிச் சின்ன பிரஷ் வேண்டும். வாயால் மூச்சு விட்டால் இரவு முழுக்க மேல் முன்பல் எகிறு காய்ந்துகொண்டே இருக்கும். எச்சில் நனைத்துக் கழுவுகிற வேலை அங்கே நடக்காது. கீழே உதடும் நாக்கும் காப்பாற்றிவிடும். அதனால்தான் மேலே மட்டும் சிவப்பு.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள், மூக்கடைப்பா, மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கம்பி போட்ட டாக்டரிடம் வாயால் மூச்சு விடுகிற விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். பிள்ளையைத் திட்ட வேண்டாம். அழுதுகொண்டே தேய்க்கிற பிள்ளை இரண்டு மாதத்தில் தேய்ப்பதையே விட்டுவிடும், நான் பார்த்திருக்கிறேன்.


தோவாளைப்_பூக்கடை
வியாழன், காலை 5:30

சந்தைக்குப் போற வழியில எழுதுறேன், சுருக்கமா. என் தம்பிக்கு மேல் முன்பல்லுக்கு அடுத்த பல்லுல சீழ். வாய் முழுக்க வேற எங்கயும் ஒண்ணும் இல்ல, சொத்தையும் இல்ல. வயசு 22 தான். அடைக்கல்ல, அடியும் படல்ல. இதுக்கு என்ன லோக்கல் காரணம் இருக்க முடியும்?


தென்கரை_பல்மருத்துவர்
வியாழன், மதியம் 1:15

அந்தப் பல்லின் உள்பக்கத்தில், அண்ணத்தைப் பார்த்த முகத்தில், ஒரு கோடு மாதிரிப் பள்ளம் எகிறுக்கு அடியில் இறங்கிப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்குப் பல் உருவாகும்போதே அப்படி ஒரு வாய்க்கால் அமைந்துவிடும், அதுவும் முக்கியமாக அந்தப் பல்லில். ஊத்தை அதன் வழியே வேர் வரைக்கும் போகும், எந்த பிரஷ்ஷும் எட்டாது. வேறு காரணமாகவும் இருக்கலாம், பல்லின் நரம்பு செத்திருந்தாலும் சீழ் வரும். எக்ஸ்ரே எடுக்காமல் பல்லைப் பிடுங்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.


கல்குளத்துக்காரி
வியாழன், இரவு 9:00

டாக்டர், நூல் வாங்கிப் பாத்தேன். மத்த இடுக்குல எல்லாம் இறங்கும்போது நீங்க சொன்ன அந்த "டப்" இருக்கு. இந்த இடத்துல ஒண்ணுமே இல்ல, நூலு சும்மா உள்ள விழுது. மேல இழுக்கும்போது எதுலயோ மாட்டி நாரு நாராப் பிஞ்சு வந்துச்சு. மூணு தடவ செய்தேன், மூணு தடவயும் அதே இடத்துல பிஞ்சுது.

அடைச்சது உண்டு. நாலு வருஷம் முன்ன அந்தப் பின்பல்லுல சொத்தை இருந்தது, சிமிண்டு வச்சு அடைச்சாவ. இப்ப யோசிச்சா, அதுக்கு முன்னால எனக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கிளீனிங்குக்குப் போன மூணு தடவயும் இத யாரும் கேக்கல்ல, எனக்கும் சொல்லத் தோணல்ல.


தென்கரை_பல்மருத்துவர்
வியாழன், இரவு 10:30

அப்படியென்றால் பெரும்பாலும் இதுதான் அக்கா. இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கிற சொத்தையை அடைக்கும்போது, பல்லைச் சுற்றி மெல்லிய தகட்டைக் கட்டி, இடுக்கில் ஒரு சின்ன மர ஆப்பு அடிக்க வேண்டும். ஆப்பு இரண்டு வேலை செய்யும். தகட்டைப் பல்லோடு அழுத்தி, அடைக்கிற மருந்து கீழே பிதுங்காமல் பார்த்துக்கொள்ளும். பல்லைக் கொஞ்சம் தள்ளியும் வைக்கும், எடுத்த பிறகு பல் திரும்பி வந்து பக்கத்துப் பல்லோடு இறுக்கமாகத் தொடும். ஆப்பு இல்லாமல் அடைத்தால் இரண்டும் கெட்டுப்போகும். கீழே திண்ணை மாதிரி ஒரு பிதுக்கம் நிற்கும், உங்கள் நூல் பிய்வது அதில். மேலே பல்லும் பல்லும் தொடாது, அதனால்தான் டப் இல்லை. மேல் பல்லின் முனை ஒவ்வொரு மெல்லலிலும் உலக்கை மாதிரி அந்த இடைவெளிக்குள் பயறுத் தோலை இடித்து இறக்கும். திண்ணைக்கு அடியில் ஊத்தை பத்திரமாக உட்கார்ந்திருக்கும். நீங்கள் தினம் நாலு தடவை தேய்த்தாலும் அங்கே பிரஷ் போகாது. உங்கள் மேல் தப்பில்லை.

எக்ஸ்ரே எடுத்து, அந்த இடத்தில் எகிறின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் பரவாயில்லை. செலவு யோசனையாக இருந்தால் குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.


கோட்டாறு_அண்ணாச்சி
வெள்ளி, காலை 8:10

டாக்டர், நேத்து கண்ணாடியும் டார்ச்சும் வச்சு நானும் பாத்தேன். நீங்க சொன்ன அதே ரெண்டு இடம். கீழ உள்பக்கம், மேல கன்னப் பக்கம். மத்த பல்லு சுத்தமா இருக்கு. முப்பது வருஷமா தண்ணியத் திட்டிட்டு இருந்தேன். அடுத்த வாரம் போய்க் கிளீன் செய்யப் போறேன். தங்கச்சிக்குத் தப்பா வழி சொன்னதுக்கு மன்னிக்கணும்.


கல்குளத்துக்காரி
ஆறு வாரம் கழித்து, சனி, இரவு 8:35

இழை கீழ போயிருச்சு, தேடி எடுத்து எழுதுதேன்.

எக்ஸ்ரேல அந்த அடைப்புக்கு அடில, எகிறுக்கு உள்ள, தூண்டில் முள்ளு மாதிரி ஒரு வளைவு. டாக்டர் கம்ப்யூட்டர்ல பெருசாக்கிக் காட்டினாவ. அதுக்கு நேர் கீழ எலும்பு ஒரு பக்கம் சாஞ்சு இறங்கியிருக்கு. கோடு போட்ட கம்பிய எகிறுக்குள்ள விட்டு அளந்தா 6 மில்லிமீட்டர். மத்த இடம் எல்லாம் 2, 3. வாய் முழுக்க நம்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டே கிடந்தேன், "ரெண்டு, மூணு, ரெண்டு, ரெண்டு, ஆறு"ன்னாவ. அந்த ஆறு காதுல விழுந்ததும் கண்ணு நிறைஞ்சு போச்சு. ரெண்டு வருஷமா நான் சொன்னது அந்த ஒரு நம்பர்தான்.

பழைய அடைப்பத் தோண்டி எடுத்து, அடில சுத்தம் செய்து, தகடும் ஆப்பும் வச்சுப் புதுசா அடைச்சாவ. ஆப்பு எப்படி இருக்கும்னு கேட்டேன், கைல தந்தாவ. தீக்குச்சில பாதி நீளம், ஒரு பக்கம் கூர். இவ்வளவுதானான்னு இருந்துச்சு. முடிஞ்சதும் நூல விட்டுப் பாத்தாவ, "டப்"னு சத்தம் எனக்கே கேட்டுச்சு.

நேத்து திரும்ப அளந்தாவ, 4. எலும்பு பழையபடி முழுசா வராது, ஆனா இனி இறங்காம நிப்பாட்டலாம்னு சொன்னாவ. மூணு மாசம் கழிச்சு ஒரு தடவ வரச் சொல்லியிருக்கு. இந்த ஆறு வாரத்துல ஈர்க்கில் எடுக்கல்ல. சாளை தின்னேன், சிறுபயறும் கஞ்சியும் குடிச்சேன், ஒண்ணும் போய் இருக்கல்ல.

இன்னொண்ணும் சொன்னாவ. இடது பக்கம் கீழ எனக்குப் பத்து வயசுல ஒரு பல்லு பிடுங்கினது. ஆறு வயசுல முளைக்குற பல்லாம், பால் பல்லுன்னு நினைச்சு அம்மை விட்டுட்டா. அந்த இடத்துல பின்பல்லு முன்னால சாஞ்சு கிடக்கு, சாஞ்ச பக்கம் அடில ஊத்தை தேங்குது. அங்க இப்ப 4 தான், ஆனா பாத்துக்கிடணும். நூல விட இடுக்கு பிரஷ் அங்க நல்லதுன்னு ஒண்ணு தந்திருக்காவ. டாக்டர், அந்த பிரஷ்ஷ வெளிப்பக்கம் இருந்து மட்டும் விட்டாப் போதுமா, உள்பக்கமும் விடணுமா? அதக் கேக்க மறந்து வந்துட்டேன்.


தென்கரை_பல்மருத்துவர்
சனி, இரவு 9:20

இரண்டு பக்கமும் விடுங்கள் அக்கா. சாய்ந்த பல்லில் உள்பக்கத்து மூலைதான் தப்பிப்போகும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை போதும். அந்த பிரஷ்ஷின் கம்பி இடுக்கில் இறுக்கமாக இருந்தால் அழுத்தித் திணிக்காதீர்கள், ஒரு அளவு சின்னது கேட்டு வாங்குங்கள். முதல் வாரம் லேசாக ரத்தம் வரும், அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.


கல்குளத்துக்காரி
சனி, இரவு 9:31

சரி டாக்டர். அம்மைக்க வாயையும் பாத்தேன், மேல கட்டுப்பல்லு போட்டிருக்கா. ராத்திரியும் கழத்த மாட்டா, அடில அண்ணம் செக்கச் செவேல்னு இருக்கு. இன்னைக்கு ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சு, கட்டில் பக்கத்துல கொண்டு வச்சிருக்கேன். கழத்திப் போடச் சொல்லி இப்பத்தான் சண்டை முடிஞ்சுது. திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.